தள்ளினால் திறக்காத கதவு

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் வீட்டில் அக்கா செய்த பொருள் ஏதாவது ஒன்று இருக்கும். சாமி படம் வைக்கும் அலமாரி, செருப்பு அடுக்கும் தட்டு, பிள்ளைகள் எழுதும் மடக்கு மேசை, பரணில் இருப்பதை எடுக்க ஏறி நிற்கும் முக்காலி. என் வீட்டில் ஒன்றும் இல்லை. அதற்குக் காரணம் நானேதான் என்றாலும், உங்கள் வீடுகளுக்கு வந்தபோதெல்லாம் அவற்றைப் பார்த்து என் வயிறு எரிந்திருக்கிறது. அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் இதைச் சொல்லாமல் வேறு எதையும் என்னால் எழுத முடியவில்லை.

பொறாமை என்ற சொல்லை நினைவு மலரில் எழுதலாமா என்று அக்காவின் கணவரான மாமாவிடம் கேட்டேன். “உங்க அக்காவுக்குத் தெரியாத விஷயமா அது? எழுதும்மா,” என்றார்.

அக்கா பிறந்தது நீலசந்திராவில், ஒற்றை அறை வாடகை வீட்டில். அப்பாவும் அம்மாவும் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அக்காவைப் பள்ளியில் சேர்க்க வேண்டிய வருடம் நான் பிறந்தேன். அம்மா சித்தாள் வேலைக்குத் திரும்பியாக வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆறு வயதில் அக்கா என்னை இடுப்பில் தூக்கினார். பிறகு பள்ளிக்கூடம் என்ற பேச்சே அவருக்கு எழவில்லை. எண்கள் தெரியும், எந்த மொழியிலும் எழுத்து தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்குப் போன முதல் ஆள் நான், பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு. யார் பேசினாலும் திருத்தும் பழக்கமும் உண்டு. அதனால் அக்கா எனக்கு வைத்த பெயர் டீச்சரம்மா. நான் ஆசிரியர் இல்லை. தொம்மலூரில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன்.

திருமணமாகி அக்கா சந்தாபுராவுக்குப் போனார். மாமா லக்கேஜ் ஆட்டோ ஓட்டுகிறார். அக்கா ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். அந்த அலுவலகம் வேறு இடத்துக்கு மாறியபோது உள்ளே இருந்த தடுப்புப் பலகைகளையும் மேசைகளையும் பெயர்த்தெடுக்க ஆட்கள் வந்தார்கள். நல்ல பலகையெல்லாம் குப்பைக்குப் போவதைப் பார்த்த அக்கா, அந்த வேலை எடுத்த மேஸ்திரியிடம் போய், “எனக்கும் இதுல ஏதாச்சும் வேலை குடுங்க,” என்று கேட்டார். உப்புத்தாள் தேய்க்கும் வேலை கிடைத்தது. சில வருடங்களில் அளக்க, அறுக்க, மூட்டு சேர்க்க, பலகை மேல் மைக்கா ஒட்ட எல்லாம் வந்துவிட்டது. வேலை முடிந்து வந்து வீட்டுப் படுக்கையறையிலேயே முக்காலி செய்வார். மரத்தூள் சோற்றில் விழும். மாமா இருமுவார். மழை வந்தால் வெளியே அடுக்கிய பலகைகள் ஊறி உப்பிப்போகும்.

“பின்னாடி ஒரு ஷெட்டு போடணும்டி,” என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வீட்டின் பின்னால் குழாயடி போக, பத்தடிக்குப் பன்னிரண்டு அடி இடம் இருந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. என்னை வளர்த்ததற்கு நான் செய்யக்கூடிய காரியம் கடைசியில் வந்துவிட்டது என்று நினைத்தேன். கட்டம் போட்ட தாளில் அளவுகளோடு வரைந்தேன். இரும்பு வேலை செய்யும் ஒருவரிடம் பேசியும் வைத்தேன். அடுத்த வாரம் தாளைக் கொண்டுபோய் நீட்டினேன். அக்கா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“அழகா வரைஞ்சிருக்க. ஆனா வேணாம்டி. உன் காசு உன்கிட்டயே இருக்கட்டும். இருக்கறத வெச்சு நானே பாத்துக்கறேன்.”

“அப்போ நான் என்னதான் பண்றது?”

“நீ வந்து உக்காரு. டீ குடி. உன் கை எதுக்கு அழுக்காகணும்?”

தாளை மடித்து சாமி அலமாரியில் வைத்துவிட்டார்.

அதன் பிறகு அக்கா உலகத்தில் எல்லோரிடமும் கேட்டார், என்னிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. தெருமுனையில் வீடு கட்டியவர்களிடம் மிச்சமான சிமென்ட் பிளாக் கேட்டார். சாலை வேலை நடந்த இடத்தில் உடைந்த கல் கேட்டார். பக்கத்து வீட்டு ரத்னம்மாவிடம், மாட்டுக் கொட்டகையைப் பிரித்தபோது கழற்றி வைத்த தகரங்களைக் கேட்டார். ரத்னம்மா கன்னடக்காரர், அக்காவோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர். தகரம் கேட்டதற்குத் தகரத்தோடு தானும் வந்துவிட்டார். ஏணியைப் பிடித்தார், கலவை சுமந்தார், நூல் கட்டி மட்டம் பார்த்தார். நான் சனிக்கிழமைதோறும் போய் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டு அடியில் எனக்கென்று ஏதோ ஒன்று. ஒரு செங்கல் அளவு போதும். அதைக் கேட்க என் கௌரவம் இடம் தரவில்லை.

செலவில்லாமல் கட்டினார் என்பதால் அக்கா கவனமில்லாமல் கட்டினார் என்று எண்ண வேண்டாம். குழாயடித் தண்ணீர் உள்ளே வராமல் உடைந்த கல்லைப் போட்டுத் தரையை ஒரு முழம் உயர்த்தி, மேலே சிமென்ட் பூசினார். இடுப்பளவு பிளாக் சுவர், அதற்கு மேல் தகரம். மரத்தூள் வெளியே போக எதிரெதிரே இரண்டு பழைய கம்பி ஜன்னல்கள். கூரையில் ஒரு தகரத்துக்குப் பதில் வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் ஷீட். பகலில் விளக்கே தேவைப்படாது. வெயில் இறங்காமல் தகரத்துக்கு அடியில் ஓர் அடுக்குமாடி விளம்பரத்தின் பிளெக்ஸைக் கட்டினார். தலையை நிமிர்த்தினால் அதில் அச்சடித்த நீச்சல் குளம் தெரியும். “எங்க வீட்ல மட்டும்தான் குளம் மேல இருக்கு,” என்பார் மாமா. மின்சாரக் கம்பியும் சுவிட்சும் மட்டும் புதிதாகக் கடையில் வாங்கி, எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் போட்டார்கள். அதில் அக்கா சிக்கனம் பார்க்கவில்லை.

வேலை மேசை, ஓர் அலுவலகக் கூட்ட அறை மேசையின் பாதி. “நான் துடைக்கறப்போ இந்த மாதிரி மேசை மேல கை ஊனினா திட்டுவாங்க. இப்போ பாரு,” என்று அதன் மேல் ஏறி உட்கார்ந்து காட்டினார்.

கதவும் அந்த மேசை வந்த அலுவலகத்திலிருந்துதான் வந்தது. கனமான நல்ல கதவு. அதில் பளபளக்கும் ஒரு சிறு எஃகுத் தகடு, அதில் ஆங்கிலத்தில் ‘புஷ்’ என்று பொறித்திருந்தது. ஷெட்டுக்குள் மேசை இருப்பதால் கதவு உள்ளே திறக்க இடமில்லை. எனவே அக்கா வெளியே திறக்கும்படி மாட்டினார். தகடு அழகாக இருக்கிறதே, நாலு பேர் கண்ணில் படட்டும் என்று அந்தப் பக்கத்தை வெளியே வைத்தார். பக்கத்திலேயே ஒரு மரப்பிடி.

பூஜை போட்ட அன்று தெருவே வந்திருந்தது. அக்கா புதுப் புடவையில் தேங்காய்த் தட்டோடு நின்றார். “முதல்ல நீ போடி,” என்றார் என்னிடம். நான் தகட்டைப் படித்துவிட்டுக் கதவைத் தள்ளினேன். டம்மென்று மோதி நின்றது. மறுபடி தள்ளினேன்.

“இழும்மா!” என்று பின்னாலிருந்து நாலு பேர் கத்தினார்கள்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. “அக்கா, நீ தப்பா மாட்டியிருக்க. இங்க தள்ளுன்னு எழுதியிருக்கு. எழுதினதுக்கு நேர்மாறா கதவு வைப்பாங்களா?” என்று எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னேன்.

அக்கா தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அப்படியா எழுதியிருக்கு? சரி, நீ தள்ளு. நாங்க இழுத்துக்கறோம்,” என்றார். கூட்டம் சிரித்தது. ரத்னம்மாதான் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வெகுநாள் மன்னிக்கவில்லை.

ஷெட் நன்றாக ஓடியது. அக்கா மேஸ்திரியிடம் போவதை விட்டுவிட்டார். ரத்னம்மா உப்புத்தாள் தேய்க்க வந்தார், பிறகு பாலிஷ் போடவும். நான் சனிக்கிழமை பத்து மணிக்குப் போவேன். ஒவ்வொரு தடவையும் என் கை தானாகத் தள்ளும், கதவு டம்மென்று இடிக்கும். நான் சலித்துக்கொண்டு பிடியைத் தேடும் முன்பே உள்ளேயிருந்து, “வாடி டீச்சரம்மா,” என்று குரல் வரும். நுழைந்தால் இருவரும் ஏதோ பாதிச் சிரிப்பில் இருப்பார்கள்.

“என்ன சிரிப்பு?”

“சும்னே,” என்பார் ரத்னம்மா. சும்மாதான் என்பதற்கு அவருடைய கன்னடம்.

அந்தச் சும்னேக்குள் எத்தனையோ இருந்தது. யார் வீட்டுக்கு என்ன அலமாரி, மாமாவோடு என்ன சண்டை, எந்தப் பல் வலிக்கிறது, எல்லாம் ரத்னம்மாவுக்குத் தெரியும். “அக்கா உனக்குச் சொல்லலையா?” என்று அவர் கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் சுத்தியலை ஒளித்துவைப்பது நல்லது என்று தோன்றும்.

ஒரு சனிக்கிழமை அக்கா அளவு டேப்பை இழுத்தபடி, “உனக்கு ஒரு மேசை செய்யட்டுமாடி? லேப்டாப் வெச்சுக்க?” என்றார்.

“ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டேன்க்கா. நாளைக்கு வந்துடும்.”

உண்மையில் நான் அப்போது ஆர்டர் போட்டிருக்கவில்லை. அன்று மாலைதான் வாங்கினேன். ரத்னம்மா பக்கத்தில் நின்றிருந்தார், அவர் முன்னால் எனக்கு இரக்கப்பட்டுத் தருவது போல் இருந்தது. அக்கா டேப்பை மெதுவாக உள்ளே விட்டார். மறுபடி கேட்கவில்லை. என் வீட்டில் அக்கா செய்த பொருள் இல்லாததன் கதை இவ்வளவுதான்.

வயிற்று வலியைக்கூட அக்கா முதலில் ரத்னம்மாவிடம்தான் சொன்னார். எனக்குத் தெரிந்தபோது கட்டி வளர்ந்திருந்தது. அதன் பிறகு மருத்துவமனைத் தாள்கள் எல்லாவற்றையும் நான் படித்தேன், மருத்துவர் சொன்னதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அந்த மாதங்களில் மட்டும் ரத்னம்மாவைவிட எனக்கு அதிகம் தெரிந்திருந்தது. அப்படி ஜெயிப்பதில் எந்த ருசியும் இல்லை. கடைசி வாரங்களில் அக்காவால் அறுக்க முடியாது. ஆனாலும் ஷெட்டுக்குள் நாற்காலி போட்டு, நீச்சல் குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். கடைசிச் சனிக்கிழமையும் நான் தள்ளினேன், கதவு இடித்தது. “வாடி,” என்ற குரல் மட்டும் மெலிந்திருந்தது. டீச்சரம்மா என்பதைச் சொல்லி முடிக்க மூச்சு போதவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் ஷெட்டுக்குப் போனேன். அக்காவின் மேசையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அங்குள்ள கருவிகளில் நான் கையில் எடுத்த முதல் கருவி அது. அந்தத் தகட்டைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அக்காவின் ஷெட்டில் இருக்கும் ஒரே தப்பையாவது நான் திருத்தியதாக இருக்கட்டும். ஒரு திருகைப் பாதி கழற்றியபோது ரத்னம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார்.

“பேடா, பேடா! வேணாம், அதைத் தொடாதே!”

“தப்பா இருக்கு ரத்னம்மா. எத்தனை வருஷமா சொல்றேன்?”

“தப்புன்னு அவளுக்குத் தெரியாதா? நீ அன்னிக்கு ஊரக் கூட்டிச் சொன்னியே! ரெண்டு மாசம் கழிச்சு உங்க மாமாவே கழட்ட வந்தாரு. அவதான் விடல.”

“ஏன்?”

“அவ, ‘எல்லாரும் ஒரு வாட்டி தள்ளுவாங்க, அடுத்த வாட்டி இழுப்பாங்க. என் தங்கச்சி மட்டும் எத்தன வாட்டி வந்தாலும் எழுத்த நம்பித் தள்ளுவா. டம்முனு கேட்டா அவதான் வந்திருக்கா,’ அப்படின்னு சொல்வா. சனிக்கிழமை பத்து மணி ஆனா அறுக்கற மிஷினை நிறுத்திடுவா, கொத்தா? சத்தம் கேக்கணும்னு.”

கொத்தா என்றால் தெரியுமா என்று அர்த்தம். எனக்குத் தெரியாது.

“என்கிட்ட ஏன் சொல்லல அவ?”

“சொன்னா நீ தள்றத நிறுத்திடுவியே!”

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. எனக்குச் சொந்தமான ஒன்று இத்தனை காலம் இவரிடம் இருந்திருக்கிறதே என்ற எரிச்சல்தான். அழுகை திருகை மறுபடி இறுக்கும்போது வந்தது. ரத்னம்மா என் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, “ஆப்போசிட்டா திருப்பற, டீச்சரம்மா,” என்று தானே இறுக்கினார். அந்தப் பெயரை அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அக்கா நோயுற்றிருந்தபோது சோறு கொண்டுவந்தவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், மாமாவின் வண்டியை முறைபோட்டு ஓட்டியவர்கள், முடியாமல் நின்றிருந்த சாமி அலமாரிக்காகப் பொறுத்திருந்தவர்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன். ரத்னம்மாவுக்கு என் நன்றி தனியாக உண்டு. அதை நேரில் சொல்லும் அளவுக்கு நான் இன்னும் நல்லவளாகவில்லை. எனவே இங்கே அச்சில் சொல்கிறேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது. யாராவது அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். மாமா வேண்டாம், அவர் சிரித்துவிடுவார்.

நினைவு நாளன்று சந்தாபுரா வீட்டில் பூஜையும் மதிய உணவும் உண்டு. ஷெட் திறந்திருக்கும். ரத்னம்மா உள்ளே வேலை செய்துகொண்டிருப்பார், வேண்டியதைச் சொன்னால் செய்து தருவார். வருகிறவர்கள் மரப்பிடியைப் பிடித்து இழுத்துத் திறக்கவும். தகட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு யாரும் தள்ள வேண்டாம். தள்ளுவது என்னுடையது.