எஸ்டிமேட் தர்மராஜின் சொந்த வீடு

எங்கள் ரயிலில் அவனுக்குப் பெயர் எஸ்டிமேட். வீட்டில் வைத்த பெயர் தர்மராஜ். மாரிகுப்பத்தில் புறப்படும் காலை வண்டியில் நாங்கள் இருவரும் சாம்பியன் ரீப்ஸில் ஏறுவோம். பெங்களூரில் எனக்கு ஓர் அச்சகத்தில் வேலை, அவனுக்கு ஒரு கட்டடக் கம்பெனியில். வரைபடம் கைக்கு வந்ததும் இத்தனை செங்கல், இத்தனை மூட்டை சிமென்ட், இவ்வளவு கம்பி என்று கணக்குப் போட்டு, அஸ்திவாரம் தோண்டும் முன்பே கட்டடத்தின் செலவைச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கை ஆபீசோடு விட்டுவிட்டு வந்தால் எனக்கும் நிம்மதி. அவன் விடமாட்டான்.

பங்காருபேட்டையில் உளுந்துவடை வாங்கினால் வடைக்காரரிடம், "நடுவுல ஓட்ட கீது பாரு, அதக் கழிச்சிட்டு வெல சொல்லு" என்பான். சுவருக்குச் செங்கல் கணக்குப் போடும்போது கதவும் ஜன்னலும் வரும் இடத்தைக் கழிக்க வேண்டுமாம். கழிக்காதவன் எஸ்டிமேட் போடவே லாயக்கில்லை என்பான். வடைக்காரர் இவன் முகத்தைப் பார்த்தாலே அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். பட்டினியாக உட்கார்ந்திருப்பது நான்.

அப்படிப்பட்டவன் சொந்தமாக வீடு கட்டினால் எப்படி இருக்கும்? ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மனை வாங்கினான். பிளானும் அவனே, எஸ்டிமேட்டும் அவனே. இத்தனைக்கும் ஒரு காரணம் இருந்தது. மகன் கௌதமனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் தாரா, பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள், கௌதமனுடைய ஆபீசிலேயே வேலை. "வூடு வசதியா இருந்தா இங்கியே இருக்கோம்பா. இல்லன்னா பெங்களூர்ல கே.ஆர்.புரத்துல வாடகைக்குப் பாத்துக்கறோம்" என்று மகன் சொல்லிவிட்டான். ஒரே பிள்ளை. அவன் போய்விட்டால் அந்த வீட்டில் தானும் மனைவி நாகம்மாவும் ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று தர்மராஜ் என்னிடம் சொன்னான். வடை விஷயத்தை அன்றைக்கு நான் மன்னித்தேன்.

வீடு எழும்பியது. ஹால், சமையலறை, இரண்டு ரூம், மேலே தண்ணீர்த் தொட்டி. மேஸ்திரி இவான் மாரிகுப்பத்துக்காரர், தச்சர் கொர்னேலியஸ் நந்திதுர்க்காரர், எல்லாரும் நம்ம ஆட்கள். போட்ட எஸ்டிமேட்டுக்கு மேல் ஒரு மூட்டை சிமென்ட்கூட வாங்கவில்லை என்று ரயில் முழுக்கச் சொல்லி எங்கள் காதைப் புண்ணாக்கினான். புத்த பிக்கு வந்து பஞ்சசீலம் சொல்ல, ஊரையே கூப்பிட்டுக் குடிபோனார்கள். வந்தவர்கள் எல்லா ரூமையும் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்ல காற்றோட்டம் என்று சொல்லி, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். காற்றோட்டம் என்று முதலில் சொன்னவன் நான்தான் என்று நினைக்கிறேன்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது தாரா தன் அம்மாவோடு வீடு பார்க்க வந்தாள். நானும் இருந்தேன். தர்மராஜ் ஒவ்வொரு சுவராகத் தட்டித் தட்டி அதன் கனத்தைச் சொல்லிக்கொண்டே அழைத்துப் போனான். அவள் தன் ரூம் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமா, ரூமுக்குக் கதவு எப்போ வரும்?"

"கதவுதான் போட்டாச்சேம்மா" என்று அவன் திரும்பினான். தெருவாசலில் கதவு இருந்தது. பின்வாசலில் இருந்தது. குளியலறைக்கும் இருந்தது. ரூம்கள் இரண்டுக்கும் கதவுமில்லை, நிலையுமில்லை. அழகாகப் பூசி வெள்ளையடித்த வெறும் திறப்பு.

அவன் ஓடிப்போய் எஸ்டிமேட்டை எடுத்து வந்தான். செங்கல் கணக்கில் அந்த இரண்டு வாசலையும் ஒழுங்காகக் கழித்திருந்தான். பூச்சு வேலையிலும் கழித்திருந்தான். கழித்த இடத்தில் மாட்டுவதற்கு ஒரு கதவை எங்கேயும் கூட்டவில்லை. கம்பெனியில் அடுக்குமாடிகளுக்கு ஆயிரக்கணக்கில் கதவு எண்ணுகிறவன் இவன்.

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் என் கண்ணிலும் அது படவில்லையே. இவானும் கொர்னேலியஸும்கூடக் கேட்கவில்லை. நாங்கள் எல்லாரும் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் பிறந்தவர்கள். முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்புக்குக் கொஞ்சம் இடம். வீட்டுக்குள்ளே கதவு என்ற ஒன்றை நாங்கள் பார்த்ததே இல்லை. ராத்திரி ஷிப்டு முடித்து வந்த அப்பா அந்த முன்னறையில் தூங்குவார், அவரைத் தாண்டித் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவோம்.

"காத்து நல்லா வரட்டும்னுதான்..." என்று தர்மராஜ் ஆரம்பித்தான். தாராவின் அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

தாரா கோபப்படவில்லை. "வூடு ரொம்பப் பிடிச்சிருக்கு மாமா. ஆனா கதவு இல்லாம நான் வர்றது சொல்ப கஷ்டம்" என்று பெங்களூர்க் கன்னடம் கலந்து சொன்னாள். அவர்கள் கிளம்பிப் போனதும் தர்மராஜ் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். மகன் கே.ஆர்.புரத்துக்குப் போயே விட்டதுபோல் இருந்தது அவன் இருப்பு. எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது, பாவமாக இருந்தது.

கொர்னேலியஸை வரச்சொன்னோம். பூச்சைக் கொத்தி நிலை வைக்க வேண்டும், கல்யாணத்துக்குள் முடித்துவிடலாம் என்றார். தர்மராஜுக்கு உயிர் வந்தது. "பசங்க ரூமுக்கு ஒண்ணு. நல்ல மரமாப் போட்டுடு" என்றான்.

அதுவரை சமையலறையில் இருந்த நாகம்மா வெளியே வந்தாள். "நமக்கும் ஒண்ணு சேத்துக்கோங்க."

"நமக்கு இன்னாத்துக்கு? வயசான காலத்துல."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து, 'யாரும் வராதீங்க, யாரும் வராதீங்க'ன்னு கத்திகினேதான் பொடவ மாத்தறேன்" என்றாள். "போதும்."

"பிளான் போடும்போதே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க எங்க கேட்டீங்க? அடுப்பு எந்தப் பக்கம்னு கேட்டீங்க, சொன்னேன்."

கொர்னேலியஸ் என்னைப் பார்த்தார். அவருடைய வீட்டிலும் ரூமுக்குக் கதவு கிடையாது என்று எனக்குத் தெரியும். அவர் டேப்பை எடுத்து இரண்டு வாசலையும் அளந்தார்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தாரா இப்போது எங்கள் வண்டியில்தான் வருகிறாள், மாமனாரிடமிருந்து வடைக்காரரைக் காப்பாற்றுவதும் அவள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டுமென்று தர்மராஜ் எழுந்து ரூமுக்குப் போனான். கதவைத் தள்ளிப் பார்த்தான், உள்ளே தாழ் போட்டிருந்தது.

"நாகம்மா, உள்ள இன்னா பண்ற?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா ஒக்காந்துகினு கீறேன்."

கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டான்.

"சரி, இரு" என்றான். திரும்பி வந்து, கண்ணாடி இல்லாமலே பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.