சுடாத உப்புத் தண்ணீர்

"2014 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை. ராத்தாவின் வலது காலில், சின்ன விரலுக்குக் கீழே ஒரு வெட்டு. உப்புத் தண்ணீர் சுடவில்லையாம். பெரிய காயமில்லை."

என் டயரியில் அன்றைய நாளுக்கு இருப்பது இவ்வளவுதான். மேலே காற்றின் திசை, கீழே மின்வெட்டு இருந்த நேரம். எழுதும்போது நல்ல செய்தியொன்றை எழுதுகிறேன் என்றே நினைத்தேன்.

ராத்தா என் மூத்த சகோதரி. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு வந்த பிறகு புத்தளத்து உப்பளங்களில் இருபது வருடத்துக்கு மேல் உப்பு இழுத்தவர். உப்பளத்து ஆட்களிடம் காலைப் பரிசோதிக்க ஒரு வழி இருந்தது. விடியற்காலையில் உப்புப் பாத்தியில் இறங்கும்போது தோல் எங்கே கிழிந்திருக்கிறதோ அங்கே தண்ணீர் நெருப்பாய்ச் சுடும். சுட்டால் புண், சுடாவிட்டால் கால் நல்லம். வேறு வைத்தியம் கேட்கவேண்டியதில்லை. ராத்தாவும் அப்படித்தான் நம்பினார். பாத்தியில் நிற்கும் மற்றப் பெண்கள் கால் எரிகிறது என்று முனகும்போது, "என்ட கால் இப்ப தோல் செருப்பு மாதிரி புள்ள," என்று பெருமையாகச் சொல்வார்.

அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும். சீனி கூடினால் கால் மரத்து வலி தெரியாமல் போகும் என்று நான் வாசித்தும் இருந்தேன். ஆனால் வாசித்ததையும் டயரியில் எழுதியதையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பதினைந்து நாள் பிடித்தது. அதற்குள் விரல் கறுத்துவிட்டது.

ஆகஸ்ட் 26ஆம் திகதி கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த தாதி, எல்லாரும் மிஸ் என்று கூப்பிடுபவர், சிலாபம் பக்கத்துச் சிங்களப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவார். தடித்த நைலோன் நூல் ஒன்றை எடுத்து, "கண்ண மூடுங்க அம்மா. கால்ல நூல் படுற நேரம் ஓம் சொல்லுங்க," என்றார்.

ராத்தா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஓம்... ஓம்... ஓம்."

மூன்றாவது ஓம் வந்தபோது நூல் மேசையில் கிடந்தது. மிஸ் என்னைப் பார்த்தார்.

"அம்மா, நான் இப்ப தொடவே இல்லையே."

"தொடப்போறீங்கண்டு நெனச்சன்," என்றார் ராத்தா. சிரிக்கப் பார்த்தார். பிறகு கண்ணைத் திறக்காமலே, "ஒரு தடவயாவது தொட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஆறு தடவ."

செப்டம்பர் 3ஆம் திகதி, புதன்கிழமை, ஆஸ்பத்திரியில் சின்ன விரலை எடுத்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் விரல் தப்பியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். மிச்சக் காலைக் காப்பாற்றுவது இனி உங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று பின்னேரமே ஒற்றைக் கொப்பித் தாளில், செய்யவேண்டியவை என்று பதினொன்றை வரிசையாக எழுதினேன். தினம் இத்தனை மைல் நடை, சோற்றை முற்றாக விடுவது, இரண்டு வேளை எண்ணெய், காலை மூன்று தரம் பார்ப்பது என்று போனது அது. ராத்தா தாளைக் கையில் வாங்காமலே கேட்டு முடித்தார்.

"தம்பி, இதெல்லாம் செஞ்சி முடிக்கப் பகலாகி லுஹர் வந்துரும். பொறகு எப்ப சமைக்கிற? எப்ப தொழுற?"

அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸும் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தார். "இது யார்ட காலுக்கு? ஓட்டப் பந்தயக்காரருக்கா? அம்மா, உண்மையச் சொல்லுங்க. எத்தனை செய்வீங்க?"

ராத்தா யோசித்தார். "மூண்டு."

"மூண்டு போதும். ஆனா மூண்டையும் செய்யோணும்."

அந்த மூன்றையும் ராத்தாதான் தெரிந்தெடுத்தார். தொழுகைக்காகக் கை கால் கழுவும் ஒவ்வொரு ஒளுவுக்குப் பிறகும் விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றுவது. நாளுக்கு ஐந்து தரம் நனையும் கால் அது; ஈரத்தோடேயே இருந்திருக்கிறது. இரண்டாவது, வீட்டுக்குள்ளும் செருப்பு. மூன்றாவது, தினமும் உள்ளங்காலைப் பார்ப்பது.

முதல் மாதம் சுவரில் தொங்கிய கலண்டரில் நான் அடையாளம் போட்டு வந்தேன். துணி விசயம் தவறவில்லை. செருப்பில் தோற்றுப்போனோம்.

"தொழுற எடத்துல செருப்போடயா? ஒனக்குப் படிச்சிப் படிச்சி மூளை கொழம்பிட்டு."

"கழுவித்தான் போடுங்களேன் ராத்தா."

"ரோட்டுல மிதிச்சதக் கழுவினா ரோடு போயிருமா?"

இதற்கு நான் சொன்ன நியாயங்களெல்லாம் வீண். கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். புதிதாக ஒரு சோடி, வாசற்படியைத் தாண்டவே தாண்டாத சோடி. தொழுகைப் பாயின் ஓரத்தில் கழற்றி வைப்பார், எழுந்ததும் போடுவார். நான் ஒரு தரம் அதைப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். சோடியைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன்.

உள்ளங்காலைப் பார்ப்பதுதான் சிரமமாயிருந்தது. அவரால் காலை அவ்வளவு மடக்க முடியாது. பழைய அலுமாரியொன்றின் உடைந்த கண்ணாடியில் ஒரு துண்டை வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, நிலத்தில் சாய்த்து வைத்தேன். விடியற்காலை சுபஹ் தொழுது வெளிச்சம் வந்ததும் கதிரையில் உட்கார்ந்து காலை அதன் மேலே நீட்டுவார். முதல் நாள் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் போன இடத்தைத்தான் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. நான் வெளியே போய்விட்டேன்.

உப்பளத்தை விடுவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அடுத்த மார்ச்சில், உப்பு விளையும் போகத்துக்குப் பாத்தியில் இறங்குவேன் என்று பிடிவாதமாக நின்றார். மிஸ் மறுத்துவிட்டார். மூடிய சப்பாத்துப் போட்டு, கரையில் உப்புச் சாக்குத் தைக்கும் வேலை என்று பேச்சு முடிந்தது. "உப்பு வேலையா இது, தையக்காரி வேலை," என்று முணுமுணுத்தாலும் போகம் தொடங்கிய அன்றே போனார்.

2015 ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வா. இது மண்ணா, முள்ளா?"

கண்ணாடியில் குதிகாலின் ஓரத்தில் கறுப்பாய் ஒரு புள்ளி. முள். முந்திய நாள் காலையில் அது இருக்கவில்லை என்று சத்தியம் செய்தார். அதாவது ஒரு பகல் முழுக்க அது குத்தியிருந்த காலோடேயே நடந்திருக்கிறார். கிளினிக்கில் எடுத்துக் கட்டினார்கள். பன்னிரண்டு நாளில் ஆறியது. அந்தப் பன்னிரண்டு நாளையும் ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருக்கிறேன். விரலை எடுத்தபோது அப்படி எதையும் நான் குறிக்கவில்லை.

ஆறிய அன்று ராத்தா கேட்டார்: "எப்ப இருந்துடா எனக்குத் தெரியாமப் போச்சி? கடைசியாச் சுட்டது எப்ப? நீதானே எல்லாத்தையும் எழுதுறவன்."

தன் நடு மகளின் கலியாணத்துக்கு முந்திய போகத்தில் நன்றாகச் சுட்டது என்பது அவருடைய ஞாபகம். பாத்தியில் பல காலம் அவரோடு நின்ற கூட்டாளியிடம் விசாரிக்க இருவரும் போனோம்.

"கலியாணத்துக்குப் பொறகும் நீ கத்தினாய். எனக்கு ஞாபகம் இரிக்கி," என்றார் அந்தப் பெண். பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் இப்பல்லாம் சுடுறல்ல. பழகின காலெண்டு நெனச்சன்," என்றார்.

ராத்தா எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "செவ்வாக்கெழம என்னோட கிளினிக்குக்கு வா. கண்ண மூடச் சொல்லுவாங்க. சும்மா ஓம் சொல்லாத."

வீட்டுக்கு வந்து பழைய டயரிகளைப் புரட்டினேன். கலியாணத்துக்கு அடுத்த வருடம், மார்ச் மாதத்தில் ஒரு வரி கிடைத்தது: "கால் எரிச்சல். தேங்காயெண்ணெய் ஒரு போத்தல்." யாருடைய கால் என்று எழுதவில்லை. அந்த மாதம் என் காலிலும் சேற்றுப்புண் இருந்தது. ஆகவே ராத்தாவின் காலில் உப்புத் தண்ணீர் கடைசியாகச் சுட்ட போகம் எது என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.