வரிசையை ஒழிக்க நான் வரைந்த பொத்தான்கள்

என் மனைவி சாந்தியை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு வரிசையில். நுவரெலியா ஆஸ்பத்திரியில் இதய கிளினிக்குக்கு நம்பர் கொடுக்கும் ஜன்னல் ஏழு மணிக்குத்தான் திறக்கும். ஆனால் நம்பர் வேண்டுமென்றால் ஐந்து மணிக்கே போய் நிற்க வேண்டும். ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இருவரும் வேன் பிடித்து வந்தோம். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிச் சுவரோரம் பனியில் நின்றாள். டவுனில் போன் திருத்தும் கடையில் எனக்கு வேலை. கடை திறக்கும் நேரம் நெருங்கியதும் சொன்னாள்: "நீங்க போங்க. ஒரு நம்பர் எடுக்க ரெண்டு பேர் எதுக்கு?" முறை வருவதற்குள் மயங்கி விழுந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகுதான் நான் பயனர் அனுபவ வடிவமைப்பாளன் ஆனேன். போன் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற தொழில் இது. மக்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று மாதக்கணக்கில் யோசித்து, கடைசியில் அவர்களை வேறோர் இடத்தில் தடுமாற வைக்கிற தொழில் என்றும் சொல்லலாம். வரிசைகளில் நின்று கால் கடுத்த அன்பர்களே, கிளினிக் நம்பரை வீட்டிலிருந்தே எடுக்க ஒரு செயலி செய்யப் புறப்பட்டவன் பட்ட பாடு இது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: ஐந்து மணிக்கு அந்தச் சுவரோரம் யாரும் நிற்கக்கூடாது.

ஆறு மாதப் படிப்பு

கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. கடையில் வேலை இல்லாத நேரத்தில் வீடியோ பார்த்துப் படித்தேன். மழை வந்தால் சிக்னல் போகும். நுவரெலியாவில் மழை எப்போது வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பாதிப் பாடங்களுக்கு முடிவு என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. அச்செடுத்துக் கடை முதலாளி ஹனீபா நானாவிடம் காட்டினேன். என்ன படித்தாய் என்று கேட்டார். முக்கியமானதைக் கண்ணுக்கு நேராக வைக்க வேண்டும் என்பதில் தொடங்கி ஒரு கால்மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்ணுக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்த சார்ஜர்களைக் காட்டினார்.

"இத நான் கடை திறந்த அன்னைக்கே தொங்கவிட்டேனே. இதுக்கா ஆறு மாசம் படிச்சீங்க, தம்பி?"

வீதி இல்லாதவர்கள்

கிளினிக்குக்குச் செயலி செய்யும் வேலையைக் கொழும்பில் ஒரு கம்பெனி எடுத்திருந்தது. மலைநாட்டு ஆள் வேண்டுமென்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மலைநாட்டு ஆள் செய்த முதல் காரியம், வெளிநாட்டுப் படிவம் ஒன்றைப் பார்த்து, 'வீட்டு இலக்கம், வீதி' என்று ஒரு கட்டத்தைக் கட்டாயமாக வைத்ததுதான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் காம்பரா என்கிற அறைகள்தான் வரிசையாக இருக்கும்; வீதி ஏது? கடிதம் வந்தாலும் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். நான் பிறந்ததே லயத்தில். வாழ்நாளில் ஒரு வீதியின் பெயரையும் என் விலாசமாக எழுதியதில்லை. ஆனாலும் உறைக்கவில்லை.

செயலி வந்த முதல் கிளினிக் நாளுக்கு டவுன்காரர்களுக்கு மட்டும் நம்பர் கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் ஒருவர் 'பீலிக்கு மேல, ரெண்டாவது லயம், மூணாவது காம்பரா' என்று ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். தண்ணீர் பிடிக்கும் பீலி எங்கே என்று தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும்; செயலிக்குத் தெரியவில்லை. 'சரியான வீதியைத் தரவும்' என்று அவருக்குப் புத்தி சொல்லியிருக்கிறது. கட்டத்தை எடுத்துவிடலாம் என்று கொழும்பு மேனேஜருக்குப் போன் போட்டேன். எடுக்க மூன்று வாரம் ஆனது. போன் போட்ட அன்று அவர் சொன்னது:

"வீதி இல்லாத இடத்துல ஆள் எப்படி இருப்பாங்க, மிஸ்டர்? நல்லா விசாரிச்சுப் பாருங்க."

மூக்கு

அடுத்து, செயலியைக் கொழுந்து மலைக்கே கொண்டுபோய்ச் சோதித்தேன். அங்கே கொழுந்து பறிக்கிற புஷ்பம் அக்காவின் கையில் போனைக் கொடுத்தேன். முப்பது வருடக் கொழுந்துக் கறை, வெடிப்பு, போதாததற்குத் தூறல். நாலு தடவை அமுக்கினார். திரை அசையவில்லை. நான் அதுவரை சோதித்ததெல்லாம் மேசையில் உட்கார்ந்து, என் காய்ந்த விரலால். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். போனை முகத்துக்கு நேரே தூக்கி, மூக்கால் அமுக்கினார். நம்பர் விழுந்தது. கூட இருந்தவர்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆளுக்கொரு தடவை மூக்கை வைத்துப் பார்த்தார்கள். 'பயனர்கள் மாற்று வழியை விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள்' என்று அறிக்கையில் எழுதினேன். கம்பெனியில் பாராட்டினார்கள். புஷ்பம் அக்கா பாராட்டவில்லை.

"மூக்கு நல்லா வேலை செய்யுது தம்பி. ஆனா மூக்க வச்சுக்கிட்டு, நம்பர் விழுந்துச்சா இல்லையான்னு எப்புடிப் பார்க்கிறது?"

பதினான்காம் நம்பர்

பொத்தானைப் பெரிதாக்கி, ஈர விரலுக்கும் பழக்கி, எல்லாம் சரியாக ஒரு வருடம் ஆனது. ஒரு கிளினிக் நாளில், யாரும் இல்லாத சுவரைப் பார்க்கலாம் என்று விடியலில் போனேன். வரிசை எப்போதும் போல இருந்தது. எல்லார் போனிலும் நம்பரும் இருந்தது. பதினான்காம் நம்பர்க்காரி மூன்றாவதாக நின்றாள். இளைத்த உடம்பு, நெஞ்சில் கை. பத்து மணிக்கு வந்தால் போதுமே என்றேன். பாவம், இவருக்கு உலகம் தெரியவில்லை என்பதுபோலப் பார்த்தாள்.

"நம்பர் போன்ல இருக்குங்க. அது உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியுமான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

மிஸ்ஸி

இந்தக் கேள்வி எந்த வீடியோவிலும் வரவில்லை. கிளினிக் நர்ஸிடம், எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவரிடம் போய், பெயரையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வெளிக்கதவில் ஒட்ட முடியுமா என்று கேட்டேன். ஒட்டினார். வந்தவர்கள் தங்கள் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். அடுத்த தடவை பதினான்காம் நம்பர்க்காரி பத்து மணிக்கு வந்தாள். கொஞ்ச நாளில் கம்பெனி அந்த வேலையை முடித்துக்கொண்டது. செயலியைத் திறந்தால் இப்போது ஒரு வட்டம் சுற்றும், அவ்வளவுதான். மிஸ்ஸி மட்டும் நிறுத்தவில்லை. மருந்து வாங்கிப் போகிறவர்களின் அடுத்த தேதியை அவர்கள் கண்முன்னாலேயே எழுதுகிறார். புதியவர்கள் அவருக்குப் போன் போட்டுப் பெயரைச் சொல்கிறார்கள். நன்றி சொல்லப் போனேன்.

"இதுக்கு எதுக்கு அண்ணே நன்றி? இத்தன வருஷத்துல இப்படி ஒரு தாள் ஒட்டுங்கன்னு யாருமே கேக்கலியே."

என் எட்டு வருட வடிவமைப்பில் இன்று மிஞ்சியிருப்பது நாலு மூலையிலும் டேப் ஒட்டிய ஒரு தாள். ஐந்து மணிக்கு அதன் முன்னால் யாரும் நிற்பதில்லை.