வேலைக் கடிதத்துக்கு மஞ்சள் தடவிய வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு என் வலது கை மோதிரவிரலை மஞ்சள் கிண்ணத்தில் விட்டேன். நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏழு மணியோடு நல்ல நேரம் முடிகிறது என்று நாட்காட்டியில் போட்டிருந்ததால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் விட்டேன். ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது என் மகளின் எதிர்காலம் சாமி மேசையில் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது.

மகள் அப்போது கொழும்பில் ஒரு ஹோட்டலில் கேக் செய்யும் பிரிவில் வேலை பார்த்தாள். கனடாவில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். அந்த நாட்டில் உள்ள ஒருவர் முன்கூட்டியே வேலை தருவதாக எழுதிக் கொடுத்தால் விண்ணப்பத்துக்குப் புள்ளிகள் கூடும். அந்தப் புள்ளிகள் இல்லாவிட்டால் அவளுக்குக் கணக்கு எட்டாது. அங்கே ரோல்ஸும் கேக்கும் விற்கும் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர், அவள் செய்த கேக்கின் படத்தைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுக்கச் சம்மதித்தார். கொழும்பில் தங்கும் போர்டிங் மாறிக்கொண்டே இருந்ததால், கடிதங்கள் வர எங்கள் தோட்டத்து முகவரியைக் கொடுத்திருந்தாள். அந்த ஒரு முடிவுக்காக அவள் இன்றும் தன்னை நொந்துகொள்வாள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் மலையில், டயகம பக்கம். நான் அங்குள்ள பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்தேன். கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் பொறுப்பாளர்.

கடைக்காரர் எழுதிய முதல் கடிதம் நேரே விண்ணப்பத்தோடு போய்விட்டது. நான் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. சில மாதங்கள் கழித்துக் கொழும்பு விசா அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. இந்த வேலைக் கடிதம் செல்லாது, அறுபது நாட்களுக்குள் சரியான அசல் கடிதம் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் கையில் இருப்பதை வைத்தே முடிவெடுப்போம் என்று அதில் இருந்தது. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்தேன். வேலை முழுநேரமாக இருக்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன சம்பளம், என்னென்ன வேலை என்று தெளிவாக இருக்க வேண்டும். முடிவு தேதி இருக்கக் கூடாது. வேலை தருபவரின் கையெழுத்து தெளிவாக இருக்க வேண்டும், அழித்தலோ திருத்தலோ கூடாது. முதல் கடிதத்தின் பிரதி ஒன்றையும் இணைத்திருந்தார்கள். அந்த நேர்மையான மனிதர், “கடை நடக்கும்வரை இந்தப் பிள்ளைக்கு வேலை உண்டு, மிச்சம் முருகன் செயல்” என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

“இதுல என்ன பெழை?” என்று கேட்டார் கணவர். “உண்மையத்தானே எழுதியிருக்காரு.”

“நிரந்தரமான வேலையான்னு கேக்குறாங்க.”

“அட, பேர் பதிஞ்ச ஆளா, கைக்காசு ஆளான்னு கேக்குறாங்க. அவ்வளவுதானே. நம்ம தோட்டத்துல கேக்காததா?”

நான் அரை மணி நேரம் அகராதி பார்த்துப் புரிந்துகொண்டதை அவர் தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். தோட்டத்தில் பெயர் பதிந்தவருக்கு வேலை நிச்சயம். அன்றன்று எடுக்கும் கொழுந்துக்குக் கைக்காசு வாங்குபவருக்கு நாளைக்கு நிச்சயமில்லை. கனடாக்காரர்களும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நிற்கும் எங்கள் கணக்கப்பிள்ளையும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

மகள் கடைக்காரருக்கு விளக்கிச் சொல்லி, அவர் ஒரு கணக்காளரிடம் காட்டித் திருத்தி, இரண்டாவது கடிதம் வர நாற்பத்தைந்து நாள் ஓடிவிட்டது. வியாழக்கிழமை மாலை தோட்ட அலுவலகத்துத் தபால் பையில் வந்து சேர்ந்தது. எல்லாம் சரியாக இருந்தது. முருகன் பெயர் எங்கும் இல்லை. மகள் தொலைபேசியில் சொன்னாள், “அம்மா, அப்படியே அலுமாரியில வைங்க. சனிக்கிழமை நான் வந்து எடுத்துக்கிறேன். வேற ஒண்ணும் செய்ய வேணாம்.”

வேறு ஒன்றும் செய்யாமல் இருக்க என்னால் முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு முக்கியமான கடதாசி எது வந்தாலும் சாமி மேசையில் வைத்து நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைப்பது வழக்கம். கல்யாணப் பத்திரிகைக்கு எல்லோரும் வைப்பார்கள். நான் மகளின் பரீட்சை அனுமதி அட்டைக்கு வைத்தேன், பாஸானாள். தொலைக்காட்சிப் பெட்டியின் உத்தரவாத அட்டைக்கு வைத்தேன், அது இன்றும் ஓடுகிறது. அவளுடைய கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்திலும் ஒரு மூலையில் இருக்கிறது. அவள் அதைப் பருப்புக் கறி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மஞ்சள் படாமல் போன ஒரே கடதாசி அந்த முதல் வேலைக் கடிதம். அதுதான் திரும்பி வந்தது. படித்த பெண்தான் நான். ஆனாலும் இந்தக் கணக்கை என்னால் தள்ள முடியவில்லை.

மூன்று மூலைகள் அழகாக அமைந்தன. நான்காவது மூலைக்கு வரும்போது விரலில் தண்ணீர் அதிகமாகிவிட்டது. அந்த வலது கீழ் மூலையில்தான் கடைக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். மஞ்சள் ஒரு சொட்டாக விழுந்து, பரந்து, கையெழுத்தின் வாலைத் தொட்டது. சேலை முந்தானையால் ஒற்றினேன். வால் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் ஒற்றினேன். நடுப்பகுதி நீலமாகக் கலங்கியது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். மஞ்சள் கறை என்றால் சவர்க்காரம்தானே என்று தோன்றியது. பஞ்சில் துளி சவர்க்கார நுரை எடுத்துத் தடவினேன். மஞ்சள் என் கண் முன்னாலேயே இரத்தச் சிவப்பானது. மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் அப்படித்தான் சிவக்கும் என்று விஞ்ஞான ஆசிரியர் பிறகு மிகுந்த ஆர்வத்தோடு விளக்கினார். அந்தக் காலையில் எனக்கு அது தெரியாது. கடிதம் கையெழுத்துப் போட்ட இடத்திலேயே காயப்பட்டதுபோல இருந்தது.

கணவர் வந்து எட்டிப் பார்த்தார்.

“டீச்சர், இது வேலைக் கடிதமா, கொலைக் கேஸா?”

“சிரிக்காதீங்க. ஈரம் காஞ்சா நெறம் கொறையும்.”

“காய வைக்கிறதுதானே நம்ம தொழில். குடு இங்க.”

கொடுத்தேன். தேயிலை காய வைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்து வருகிறேன் என்று கொண்டுபோனார். இருபத்தைந்து வருடம் தேயிலையைப் பக்குவமாகக் காய வைத்தவர், ஒரு தாளைக் காய வைக்க மாட்டாரா என்று நம்பினேன்.

நான் பாடசாலைக்கு ஓடினேன். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளின் கைகளையும் நகங்களையும் பார்ப்பது பல வருடமாக என் பொறுப்பு. வரிசையாகக் கையை நீட்டுவார்கள், நான் “திருப்பு” என்பேன், திருப்புவார்கள். அன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் கையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம், “டீச்சர் கையி மட்டும் அழுக்கா இருக்குடி” என்றாள். கேட்காததுபோல நகர்ந்துவிட்டேன்.

மாலையில் கணவர் கடிதத்தைக் கொண்டுவந்தார். அப்பளம்போலச் சுருண்டிருந்தது. நல்ல தேயிலை வாசம் அடித்தது. சிவப்பு பழுப்பாக மாறியிருந்தது.

“நம்ம தூள் நெறம் அப்படியே வந்திருக்கு பாரு,” என்றார். அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மகளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். மஞ்சள், முந்தானை, சவர்க்காரம், தொழிற்சாலை என்று வரிசையாகச் சொன்னேன்.

“கையெழுத்து தெரியுதாம்மா?”

“தெரியுது. மொத எழுத்து நல்லாவே தெரியுது.”

“எத்தனை எழுத்து இருந்துச்சு?”

“அது நெறைய இருந்துச்சு.”

“இன்னும் பதினாலு நாள்தான் இருக்கும்மா,” என்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று மாலையே பரிகாரமாக விசா அலுவலகத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். மஞ்சள் கிருமிநாசினி என்பதில் தொடங்கி, எங்கள் மக்கள் மங்கலப் பொருளாக அதைப் போற்றுவது வரை நான்கு பக்கம் போனது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. சனிக்கிழமை வந்து இறங்கிய மகள் நின்றபடியே படித்தாள்.

“அம்மா, அவங்க கேட்டது வேலைக் கடிதம். நீங்க எழுதியிருக்கிறது சமய பாடம்.”

“கடைசிப் பக்கத்துல மன்னிப்புக் கேட்டிருக்கேன், அதப் பாத்தியா?”

“பாத்தேன். கனடா நாட்டு மக்கள் எல்லார்கிட்டயும் கேட்டிருக்கீங்க.”

அவள் அதை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தாள். நமக்கு மாலை ஆறரை, அவருக்குக் காலையில் கடை திறக்கும் நேரம். கோபித்துக்கொண்டு வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பு அங்குவரை கேட்டது.

“பிள்ளை, கொம்மாவைப் பேசாதையும். இஞ்ச என்ர மனிசியும் மஞ்சள் பூச வெளிக்கிட்டவ. நான்தான் பறிச்செடுத்தனான். திங்கக்கிழமை புதுசு அனுப்பிவிடுறன்.”

முகம் தெரியாத அந்த மனைவி மேல் எனக்கு அப்போது வந்த பாசத்தை எப்படிச் சொல்வது.

அவர் சொன்னபடி திங்கட்கிழமை கூரியரில் போட்டார், பழைய பழக்கத்தில் தோட்டத்து முகவரிக்கே. அதன் பிறகு எங்கள் வீட்டில் சட்டம் மாறியது. மஞ்சள் டப்பா தொழிற்சாலையில் கணவரின் மேசை இழுப்பறைக்குப் போனது. பத்து நாள் எங்கள் வீட்டுக் கறிகள் வெளிறிப்போய் இருந்தன. மகள் கொழும்பிலிருந்து தினமும் பேசினாள். கறியை விசாரித்தாள், காய்ச்சலை விசாரித்தாள், கடைசியில், “டப்பா எங்கம்மா இருக்கு?” என்று கேட்பாள்.

அடுத்த வார வெள்ளிக்கிழமையோடு தவணை முடிகிறது. புதன்கிழமை மகள் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வியாழக்கிழமை காலை ஹட்டன் கூரியர் அலுவலகத்தைக் கேட்டபோது வரவில்லை என்றார்கள். பன்னிரண்டு மணிக்குக் கேட்டபோது, வந்துவிட்டது, ஆள் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார் என்றார்கள். நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் அவள் கொழும்புக்குப் போய் மறுநாள் காலை கொடுக்க முடியும். அதை விட்டால் இரண்டு வருட அலைச்சலும் அன்றோடு சரி.

இரண்டு மணியாகியும் ஆள் இல்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. எந்தப் பாதையால் வருவார் என்று தெரியாததால் மகள் குடையோடு பிரதான வீதிச் சந்திக்குப் போனாள். கணவர் தொழிற்சாலை வாசலில் நின்றார். போகும்போது மகள் திரும்பிப் பார்த்து, “நீங்க சும்மா இருங்கம்மா, போதும்,” என்றாள். நான் நாற்காலியில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதையும் முழுநேரமாகச் செய்தேன்.

மூன்று பத்துக்குப் பாடசாலைக் குறுக்குப் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் ஏறி வந்தது. யாரும் எதிர்பார்க்காத பாதை. மழைக்கோட்டு போட்டவர் வாசலில் இறங்கி, உள்ளே கைவிட்டுப் பொலித்தீன் சுற்றிய உறையை எடுத்தார். நான் பாய்ந்து போய்க் கையை நீட்டினேன். அவர் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“அம்மா கையில குடுக்க வேணாம்னு மக மூணு தடவ போன் பண்ணியிருக்காங்க. ஆபீஸ்ல எழுதியே ஒட்டியிருக்கு.”

“அவ சந்தியில நிக்கிறா தம்பி. இந்தா, இப்ப கூப்புட்டு விடுறேன். நாலரை பஸ்ஸுக்குப் போகணும். அதுவரைக்கும் உள்ள வைக்கிறேன், குடுங்க.”

அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். எங்கேயோ பார்த்த முகம்.

“என்னையத் தெரியலையா டீச்சர்? மூணாம் வகுப்புல நகம் வெட்டலைன்னு கொடிக் கம்பத்துக்கிட்ட நிப்பாட்டுனீங்களே.”

“நானா?”

“மூணு நாளு.”

அவர் உறையை மழைக்கோட்டுக்குள் திரும்பச் செருகினார்.

“சரி, கைய நீட்டுங்க டீச்சர்.”

நீட்டினேன்.

“திருப்புங்க.”

திருப்பினேன். பத்து விரல்களையும் குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

“ம், சுத்தமாத்தான் இருக்கு,” என்றார். “இந்தாங்க. ஓரத்த மட்டும் புடிங்க.”