ஞானதாஸ் அண்ணனின் அயனிக் கட்டை

ஞானதாஸ் அண்ணனைக் கொன்றது லைசென்ஸ் ஆபீஸ். பன்றி அப்புறம்தான் வந்தது.

நேற்று விடியற்காலை. குலசேகரம் பக்கம், அவருடைய மரச்சீனி விளையில், அதாவது மரவள்ளித் தோட்டத்தில். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே... முடிந்துவிட்டது.

மரப்பட்டறையில் ஆறு வருஷம் எனக்குப் பக்கத்து மேசை அவர். வேலை முடிந்ததும் விளைக்கு ஓடுவார். குத்தகை நிலம். காட்டுப்பன்றி கிளறிப்போட்ட மிச்சம்தான் அவருக்கு விளைச்சல். பட்டாசு வெடித்துப் பார்த்தார். ஒரு வாரம் பயந்தன, அப்புறம் பழகிவிட்டன.

பயிரைக் காக்க ஒரு துப்பாக்கிக்கு மனு கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது.

புதுசு வாங்க வசதி இல்லை. ரிட்டயர்டான பட்டாளத்துக்காரர் ஒருவர், லைசென்ஸ் வந்தால் தன் பழைய துப்பாக்கியைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதில் தோளில் வைக்கிற மரக்கட்டை உடைந்துபோயிருந்தது. அண்ணன் இடதுகைக்காரர் வேறு. "கட்டைய நானே செய்துக்கிடுவேன்" என்றார்.

ஒரு நாள் டீ டைமில் பிளைவுட் துண்டில் பென்சிலால் மொத்த பிளானையும் எழுதினார். குழல்: பட்டாளத்து மாமா. கட்டை: நான். தோல் வார்: மகளின் பழைய பேக். லைசென்ஸ்: ஆண்டவர்.

"ஆண்டவர் எந்த செக்ஷன்ல இருக்காருண்ணே?"

"லீவுல இருக்காரு மக்கா."

கழிவில் கிடந்த அயனி மரத்துண்டை முதலாளியிடம் கேட்டு வாங்கி ஒரு மாதம் இழைத்தார். கை நீளம், கழுத்து, தோள்... டேப் பிடித்தது நான். முடிந்ததும் இடது தோளில் வைத்து, என்னைக் குறிபார்த்து "டும்" என்றார். பட்டறையே சிரித்தது.

கையெழுத்து வந்துவிடும் என்று நம்பி முதலிலேயே கட்டையைச் செய்துவிட்டார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

"நாட்டுத் துப்பாக்கி கெடைக்கும்ணே, கேக்கட்டா?" என்றேன் ஒருமுறை. கோபத்தில்.

"சும்மா கெடலே. கேஸ் ஆச்சுண்ணா எனக்க பிள்ளைக்க கல்யாணத்த யாரு நடத்துவா, நீயா?"

ஆபீஸுக்கு நானும் கூடப் போனேன். பன்றி கடித்த மரச்சீனியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "மேசை அழுக்காவுது, எடும்வே" என்றான் அங்கே இருந்தவன். போலீஸ் ரிப்போர்ட் வந்தால் வனத்துறை ரிப்போர்ட் பழசாகிவிட்டது என்பார்கள். அது புதுசாக வந்தால் போலீஸ் ரிப்போர்ட் பழசு.

நேற்றும் வெறும் கட்டையோடுதான் போயிருக்கிறார். தினமும் அப்படித்தான். "குழல் இல்லேண்ணு பன்னிக்குத் தெரியவா போவுது" என்பார்.

பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தவர் பார்த்திருக்கிறார். அண்ணன் கட்டையைத் தோளில் வைத்து நேராக நின்றாராம்... பன்றி நிற்கவில்லை.

மூன்று வருஷமாக ஒரு ரிப்போர்ட்டை ஒழுங்காக எழுத முடியாத போலீஸ் ஒரு மணி நேரத்தில் வந்தது. கட்டையை எடுத்துப்போனது. 'துப்பாக்கியின் பாகம்' என்று எழுதியிருக்கிறார்கள். மரத்துண்டு சார் அது.

அண்ணன் மனைவி என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அத அவருக்க பெட்டிக்குள்ள வைக்கணும் தம்பி. வாங்கித் தருவியா?"

காலையிலிருந்து ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். "ஐயா வரட்டும்" என்கிறார்கள்.

ஞானதாஸ் அண்ணே, பைய போங்க, அவசரப்படாதீங்க...

நாலு மணிக்கு அடக்கம். இப்போது மூன்றே கால்.

அந்தக் கட்டையைக் கொடுங்கள்.