ரயர் விளம்பரத்துப் பாட்டு

ஐப்பசி பிறந்தால்தான் எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். இங்கே ஷ்லீரன் என்கிற ஊரில் ஒரு கராஜில் ரயர் மாற்றுகிற வேலை. பனி கொட்டப் போகிறது என்று வானொலியில் சொன்ன அடுத்த நாள் காலையில், ஊரிலுள்ள கார் எல்லாம் எங்கள் வாசலில் வந்து நிற்கும். இது பனி விழுகிற நாடு என்ற நினைப்பே அதுவரைக்கும் ஒருவருக்கும் இராது. கோடை ரயரைக் கழற்று, பனி ரயரைப் பூட்டு, நட்டை இறுக்கு, அடுத்த கார். இருபத்திரண்டு வருடமாக இதுதான்.

இந்த வேலையில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. நட்டைக் குறுக்கும் மறுக்குமாகத்தான் இறுக்குவேன். வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக இறுக்கினால் சில்லு சரியாகப் பொருந்தாது. காரைக் கொடுக்கும்போது, ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை கொண்டுவாருங்கள், நட்டு இளகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள், எப்போதாவதுதான் யாராவது வருவார்கள். வந்தவருக்கு உள்ளதைச் சொல்வேன். இளகாத நட்டை இளகிவிட்டது என்று சொல்லி, பெரிய ஆள் மாதிரி இறுக்கிக் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலை முடிந்து வந்தால் நேரே சோபாவில் விழுவேன். அங்கே மகள் ஜப்பான் விளம்பரம் பார்த்து அழுதுகொண்டிருப்பாள்.

இங்கேயே பிறந்தவள், இருபத்தைந்து வயது, ஆஸ்பத்திரியில் தாதி. பள்ளிக்கூட நாளிலிருந்தே ஜப்பான் பைத்தியம். கார்ட்டூனில் தொடங்கி, பாஷை படித்து, கடைசியில் விளம்பரத்தில் வந்து நின்றது. எனக்குத் தெரிந்த விளம்பரம் நகைக்கடை விளம்பரம். ஒருவர் கத்துவார், நாலு பேர் ஆடுவார்கள். இது அப்படியில்லை. முதலில் பியானோ மெல்லக் கேட்கும். ஒரு கிழவன் தனியே சோறு சாப்பிடுவான். ஒரு பெண் பாடத் தொடங்குவாள். பிறகு வயலின்கள் எல்லாம் சேர்ந்து எழும்பும். பாடுகிறவளின் குரல் உடையப் போகிற இடத்தில் யாரோ கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார்கள். கடைசியில் பார்த்தால் சோயா சோஸ். ஒரு போத்தல் சோஸ் விற்க மனிசரை இந்தப் பாடு படுத்த வேண்டுமா என்று கேட்பேன். அவள் மூக்கை உறிஞ்சியபடி, "சும்மா இருங்கோ அப்பா" என்பாள்.

போன வருடம் ஒரு பின்னேரம் அவளே என்னைக் கூப்பிட்டாள். "அப்பா, இதை நீங்கள் கட்டாயம் பாக்கவேணும். ரயர் விளம்பரம்." சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்து என்னை நெருக்கிக்கொண்டு இருந்தாள். அவள் அப்படி இருந்து எத்தனையோ வருடம். அன்று முப்பது காருக்கு மேல் பார்த்திருந்தேன், கை விறைத்திருந்தது. சரி போடு என்றேன்.

பனி கொட்டும் ஏதோ ஒரு சிற்றூர். விடியும் நேரம் ஒரு தகப்பன் வாசலில் குந்தியிருந்து மகளின் சின்னக் காருக்குப் பனி ரயர் பூட்டுகிறான். உள்ளே மகள் பெட்டி அடுக்குகிறாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை, பாட்டு மட்டும் போகிறது. கார் புறப்படுகிறது. தகப்பன் பனியில் பதிந்த ரயர் தடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். புதுப் பனி விழுந்து தடம் மூடப்படுகிறது. பிறகு கொம்பனியின் பெயர் வந்தது.

மகள் கண்ணைத் துடைக்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"உவன் நட்டை வட்டமா இறுக்கிறான். ஜாக்கி வைச்ச இடமும் பிழை" என்றேன்.

"பாட்டைக் கேட்டனீங்களோ அப்பா?"

"பாட்டுக் கிடக்கட்டும். உந்தக் கார் அம்பது கிலோமீற்றர் போகாது பிள்ளை."

ரீவியை நிறுத்திவிட்டு அறைக்குள் போய்விட்டாள். தாய் சுட்ட தோசைக்கும் வரவில்லை.

குசினியிலிருந்து மனைவி கரண்டியோடு வந்தாள். "அவளுக்கு ஆராவில வேலை கிடைச்சிருக்கு. அங்கயே வீடும் பாத்திட்டாள், வாற மாசம் போறாள். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு ரெண்டு கிழமையாத் தவிச்சவள். உந்தப் பாட்டைப் போட்டுக் காட்டிப்போட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தவள். நீங்கள் நட்டு எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறியள்."

நான் கத்தினேன். ஆராவ் என்ன அமெரிக்காவோ, ரயிலில் போய் வந்தால் என்ன, கலியாணம் கட்டாத பிள்ளைக்குத் தனி வீடு எதற்கு. விடிய முன்னம் தொடங்குகிற வேலைக்கு ரயில் எங்கே இருக்கிறது என்று மனைவி கேட்டாள். உண்மையில் என் கோபம் ஆராவின் மீது இல்லை. பிள்ளை பக்கத்தில் வந்து இருந்து மனதைத் திறக்கப் பார்த்தபோது நான் நட்டைப் பார்த்திருக்கிறேன். அது வெட்கமாக இருந்தது.

அதன்பிறகு அவள் என்னோடு கதைத்ததெல்லாம் ஓம், இல்லை, பிறகு சாப்பிடுறன். எனக்கும் ரயர்க் காலம் உச்சத்தில். வீட்டுக்கு வந்தால் வாய் திறக்கத் தெம்பில்லை. அவள் அறைக் கதவுக்குள்ளால் அந்தப் பாட்டு கேட்கும். கராஜில் நானே அதை முணுமுணுத்தேன், ஒரு சொல்லும் விளங்காமல். இப்படியே ஒன்றும் கதைக்காமல் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. போய்விட்டால், பிறகு பெருநாளுக்கு வந்து போகிற விருந்தாளிதான்.

அவள் போகிற சனிக்கிழமை, கட்டடத்துக்குக் கீழே கார் விடுகிற இடத்தில் அவளுடைய பழைய ஜப்பான் காருக்கு நான் பனி ரயர் பூட்டினேன். பக்கத்து அறையில் யாருடையதோ உடுப்புத் தோய்க்கும் மெஷின் சுழன்றுகொண்டிருந்தது. பாட்டும் இல்லை, பனியும் இல்லை. மூன்றாவது சில்லில்தான் உறைத்தது, விளம்பரத்துத் தகப்பன் மாதிரியே குந்தியிருக்கிறேன் என்று. திரும்பினால் அவள் பெட்டியோடு நிற்கிறாள்.

நல்ல பாட்டு பிள்ளை, நானும் கேட்டனான் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வழக்கமானதுதான். "அம்பது கிலோமீற்றர் ஓடினாப்பிறகு ஒருக்கா நட்டைப் பாக்கவேணும்."

"ஆராவுக்கு அம்பது இல்லையே அப்பா."

"அப்ப திரும்பி வரேக்க சரியா இருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். சரி என்று மட்டும் சொன்னாள். பெட்டியைக் காரில் வைத்தாள், போனாள். சீமெந்துத் தரையில் தடமும் விழவில்லை.

அங்கே இல்லாத கராஜா, வழியில் எங்காவது நட்டைக் காட்டியிருப்பாள் என்று அந்தக் கிழமை முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிழமை முடிந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. "கீழ நிக்கிறன். நட்டைப் பாருங்கோ."

ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நட்டு போதிய இறுக்கமாக இருந்தால் 'டக்' என்று சத்தம் போடுகிற நீளமான ஸ்பானர் அது. சின்ன வயதில் பள்ளிக்கூட விடுமுறைக்குக் கராஜுக்கு வந்து அந்தச் சத்தத்துக்குக் கைதட்டினவள் இவள். பதினாறு நட்டிலும் வைத்தேன். வைத்தவுடனேயே பதினாறும் டக், டக் என்றன. மயிரிழைகூட அசையவில்லை. அசையாது, இறுக்கினது நான்.

"எப்பிடி அப்பா?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். "ரெண்டு கொஞ்சம் இளகியிருக்கு. வாற கிழமையும் ஒருக்காக் கொண்டு வா."

அவள் குனிந்து சில்லைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஸ்பானரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஓம் அப்பா" என்றாள். "அதுக்கடுத்த கிழமையும் பாக்கவேண்டி வரும்போல கிடக்கு."