தண்ணீர் கேட்கும் செடி

யோகலட்சுமியின் கையில் எந்தச் செடியும் தங்காது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு. அதைக் கிளப்பிவிட்ட வாயில் மண்ணைப் போட வேண்டும். ஆனால் துளசி போனது, ரோஜா போனது, குரோட்டன்ஸ்கூடப் போனது உண்மைதான்.

திருத்தணி மலைப் படிக்கட்டின் கீழே அவள் பூ விற்கிறாள். பக்கத்துக் கடை என்னுடையது, தேங்காயும் கற்பூரமும். பதினாறு வருஷமாக அவள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு முழம் அளப்பாள், உடனே சொம்பில் கைவிட்டுப் பூமேல் தண்ணீர் தெளிப்பாள். ஆள் வராவிட்டாலும் தெளிப்பாள், என்னோடு பேசிக்கொண்டே தெளிப்பாள். என் ஊதுபத்திக் கட்டு எத்தனை முறை நனைந்திருக்கிறது, எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன்!

அவள் புருஷன் வரதராஜன் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சு போய், இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து இறந்தார். அதற்கப்புறம்தான் செடி வாங்க ஆரம்பித்தாள். சாயங்காலம் கதவைத் திறந்தால் உள்ளே உயிருள்ளது ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்றாள். குரோட்டன்ஸும் அழுகிய அன்று, வியாபாரத்தை விட்டுவிட்டுத் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் கை தொட்டது எதுவும் நிக்க மாட்டேங்குதுக்கா. அவரும் இந்தக் கையிலதான போனாரு."

எனக்குச் சுருக்கென்றது. "வாயக் கழுவுடி! இன்னா பேச்சு பேசிகினு கீற? கெளம்பு" என்று இழுத்துக்கொண்டு கனகம்மாசத்திரத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கே நர்சரி வைத்திருக்கும் அருள்முருகன் இரண்டு தொட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று பாம்புச்செடி, நெட்டுக்குத்தாக நீண்ட இலை. இன்னொன்று ஜேடு, சின்னச் சின்னதாகக் கொழுத்த இலை. இரண்டுக்கும் பெரிய பராமரிப்பு வேண்டாம் என்றார்.

"சாவாதது எது, அத்தச் சொல்லுங்க" என்றாள் யோகலட்சுமி.

"தண்ணி எப்பிடி ஊத்துவீங்க?"

"காலைல, சாயங்காலம். நடுவுல போவசொல்ல வரசொல்ல கொஞ்சம்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "முழுகடிச்சிட்டீங்களேம்மா! வேரெல்லாம் அழுகியிருக்கும். இது ரெண்டுக்கும் தண்ணிதாங்க எமன்."

பூவுக்குத் தெளித்துப் பழகிய கை வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா? இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் இது உறைக்கவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பாம்புச்செடி வெளிச்சமில்லாத மூலையிலும் நிற்குமாம். அவள் வீடு இருட்டு வீடு. இருக்கிற ஒரே ஜன்னலை ஒட்டி வரதராஜனின் கட்டில் கிடந்தது, அதை அவள் இன்னும் நகர்த்தவில்லை. அதனால் பாம்புச்செடியையே எடு என்றேன்.

"எடுக்கலாம். ஆனா அது அழுத்தம். தாகம்னாலும் லேசுல காட்டாது" என்றார் அருள்முருகன். "ஜேடுக்கு ஜன்னல் வெயில் வேணும். தாகம் எடுத்தா எலை சுருங்கும். அப்ப ஊத்துனா போதும்."

"அதுவா கேக்குமா?"

"ஆங், கேக்கும்."

ஜேடு தொட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் அதன் இலைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அவரால கேக்க முடியலக்கா. வேணுமா, போதுமான்னு ஒண்ணும் தெரியாது. நானா குத்துமதிப்பா ஸ்பூன்ல ஊத்திகினே இருந்தேன். பத்துச்சோ, அதிகமாச்சோ..."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

அன்றைக்கே இருவருமாகக் கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்தி, ஜன்னலில் தொட்டியை வைத்தோம். தினமும் கடைக்கு வந்ததும் "இன்னிக்காவது ஊத்தட்டுமா?" என்பாள். "ஊத்துன, கைய ஒடைப்பேன்" என்பேன். தவிப்பில் அவள் பூமேல் இரட்டிப்பாகத் தெளித்தாள், என் ஊதுபத்தி நாசமாயிற்று. ஆனால் செடிமேல் கை வைக்கவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் கடையைத் திறக்காமலே மூச்சிரைக்க ஓடி வந்தாள். "கேட்டுடுச்சுக்கா! எலை சுருங்கிக்கிது, வந்து பாரு!"

போய்ப் பார்த்தேன். அடி இலை நான்கு வதங்கி, மேல்தோல் சுருங்கியிருந்தது. அவள் ஒரு டம்ளர் தண்ணீரை மண்ணில் சுற்றி ஊற்றினாள். சொம்பு நிறையத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. அதைத் தொடவில்லை.

இரண்டு நாள் கழித்துப் படிக்கட்டில் ஒரே கூட்டம். அதைத் தள்ளிக்கொண்டு என் கடைக்குள்ளேயே வந்து நின்றாள்.

"சுருங்குன எலை நெரம்பிடுச்சுக்கா" என்றாள். "என் கையாலதான்."